எலி வாலில் தொடங்கிய கதை: எண்ணெய், தோல், எக்ஸிமா

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு கதை ஒரு எலியோட வாலில் ஆரம்பிக்குது. ஆனா அதுக்கு முன்னாடி என் முழங்கையைப் பத்தி ஒரு நிமிஷம் சொல்லிடறேன்.

எனக்குச் சின்ன வயசுல இருந்தே எக்ஸிமா. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், குளிர்காலம் வந்தா கழுத்தும். எங்க வீட்டில் அதுக்குப் பேர் கரப்பான். கரப்பான்னு ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே அடுத்த வார்த்தை சாப்பாட்டைப் பத்தித்தான் இருக்கும். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, இதெல்லாம் "கரப்பான் பண்டம்". அப்புறம் காலேஜ் முடிச்சு வேலைக்குப் போனதும் நானே ஒரு முடிவு எடுத்தேன். மெடிக்கல் ஷாப்பில் மஞ்சள் நிறத்தில், மீன் மாத்திரை மாதிரி பளபளன்னு ஒரு கேப்ஸ்யூல். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய். தோலுக்கு உள்ளே இருந்தே ஈரப்பதம் தரும்னு அட்டையில் போட்டிருந்தது. எட்டு மாசம் சாப்பிட்டேன். விலை கொஞ்சம் கூடத்தான்.

வேலை செஞ்சுதா? அதைக் கடைசியில் சொல்றேன். இந்த எபிசோடின் கேள்வி வேற. கொழுப்பு சாப்பிட்டா தோல் சரியாகும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யா? இல்லை. அது ஒரு மிக நல்ல கண்டுபிடிப்பின் குழந்தை. அதனால்தான் இந்தக் கதை சுவாரசியம்.

சர்க்கரையும் கேசீனும் தின்ற எலிகள்

1920களில் சத்துணவு விஞ்ஞானம் என்றாலே வைட்டமின் வேட்டைதான். புதுசா ஒரு வைட்டமின் கண்டுபிடித்தால் பெயர், புகழ், சில நேரம் நோபல் பரிசு. கொழுப்பின் மேல் யாருக்கும் பெரிய மரியாதை இல்லை. அது கலோரி தரும், கூடவே ஏ, டி மாதிரி சில வைட்டமின்களைச் சுமந்து வரும், அவ்வளவுதான். உடம்பு சர்க்கரையிலிருந்தே கொழுப்பைத் தயாரித்துக்கொள்ளும் என்பது அப்போதே தெரியும். பிறகு சாப்பாட்டில் கொழுப்பு எதற்கு?

கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவான்ஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். வைட்டமின் ஈ கதையில் வரும் அதே எவான்ஸ். அவரிடம் வேலை பார்த்தவர் ஜார்ஜ் பர். அங்கே எலிகளுக்கு மிகவும் சுத்திகரித்த உணவு கொடுத்துப் பார்த்தபோது, தெரிந்த வைட்டமின்களையெல்லாம் சேர்த்த பிறகும் எலிகள் சரியாக வளரவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது. புது வைட்டமினாக இருக்கலாம் என்று நினைத்து அதற்கு "வைட்டமின் எஃப்" என்று ஒரு பெயர்கூட வைத்தார்கள். இன்றைக்கும் சில க்ரீம் டப்பாக்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

பர் பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கூடவே அவருடைய மனைவி மில்ட்ரெட் பர். ரெண்டு பேரும் சேர்ந்து செய்த சோதனை 1929-இல் வெளியானது. எலிகளுக்குக் கொடுத்தது சுத்திகரித்த பால் புரதமான கேசீன், வெள்ளைச் சர்க்கரை, உப்புகள், தேவையான வைட்டமின்கள். கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

சில வாரங்கள் எலிகள் நல்லாத்தான் இருந்தன. அப்புறம் வால் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. பாதங்கள் சிவந்து வீங்கின. முடியெல்லாம் பொடுகு. வால் நுனி அழுகியது. வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது, கடைசியில் இறந்தன.

இதில் ஒரு சின்ன விவரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த எலிகள் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தன. ஆனால் அதற்கேற்ற அளவு சிறுநீர் போகவில்லை. அப்போ அந்தத் தண்ணி எங்கே போச்சு? தோல் வழியாக ஆவியாகிக்கொண்டிருந்தது. ஓட்டைப் பானை மாதிரி. தோலின் தடுப்புச் சுவர் ஒழுகுது என்பதை இன்றைக்கு மெஷின் வைத்து அளக்கிறோம். அன்றைக்கு அதைக் காட்டிக்கொடுத்தது எலியின் தண்ணீர்க் கிண்ணம்.

சாகப்போகிற எலிக்குத் தினமும் சில துளி பன்றிக் கொழுப்போ சோள எண்ணெயோ கொடுத்தார்கள். வால் ஆறியது, எடை கூடியது. 1930-இல் அடுத்த கட்டுரை. குணப்படுத்துவது லினோலெயிக் அமிலம் என்று அதில் பெயர் சொன்னார்கள். வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. காரணம் எளிமையானது. அவற்றில் லினோலெயிக் அமிலம் ரொம்பக் குறைவு.

ஒரு கொழுப்பு அமிலம் உடம்பால் தயாரிக்க முடியாதது, சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும் என்பது அன்றைக்குப் புரட்சி. பலர் நம்பவில்லை. ஆனால் மற்ற ஆய்வகங்களும் செய்து பார்த்தபோது அதே முடிவு வந்தது. "அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்" என்ற சொல்லே இங்கிருந்து வந்ததுதான்.

ஆறு மாதம் கொழுப்பில்லாமல் ஒரு மனுஷன்

எலிக்குச் சரி, மனுஷனுக்கு? பர்ரின் ஆய்வகத்தில் வில்லியம் ரெட்மன் பிரவுன் என்று ஒரு உயிர்வேதியியலாளர். "நானே சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று கிளம்பினார். ஆறு மாதம். கொழுப்பெடுத்த பால், அதில் செய்த பாலாடைக்கட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு மாவு, ஆரஞ்சு ஜூஸ், கொஞ்சம் வைட்டமின், தாது உப்பு. இதே மெனு, தினமும். நம்மில் யாராவது ஆறு நாள் தாங்குவோமா?

என்ன ஆச்சு தெரியுமா? தோலுக்கு ஒண்ணுமே ஆகலை. கொஞ்சம் எடை குறைந்தது. சின்ன வயதிலிருந்து அடிக்கடி வந்துகொண்டிருந்த மைக்ரேன் தலைவலி நின்றே போனது. இரத்தத்தில் லினோலெயிக் அமிலம் குறைந்தது உண்மை. ஆனால் தோல் உரியவில்லை. 1938-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள். மனுஷனுக்கு இந்த அமிலம் தேவையே இல்லை போல என்று சிலர் முடிவுகட்ட இது போதுமானதாக இருந்தது.

எங்கே இடித்தது? பிரவுன் வளர்ந்த மனிதர். அவர் உடம்பின் கொழுப்புச் சேமிப்பில் லினோலெயிக் அமிலம் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. வீட்டில் ஆறு மாச அரிசி மூட்டை இருக்கிறவர், கடைக்குப் போகாமலே சமாளிக்கிற மாதிரி. குட்டி எலிக்கு அந்த மூட்டை கிடையாது. கைக்குழந்தைக்கும் கிடையாது.

1933: ரெண்டு சம்பவம்

இங்கேதான் எக்ஸிமா கதைக்குள் வருகிறது. அதே மினசோட்டாவில் அரில்ட் ஹான்சன் என்ற குழந்தை மருத்துவர். எலி வாலைப் பார்த்தவருக்கு, தன்னிடம் வரும் எக்ஸிமா குழந்தைகளின் கன்னம் ஞாபகம் வந்திருக்கும். அவர்களுடைய இரத்தத்தைப் பரிசோதித்தார். லினோலெயிக் மாதிரியான நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் மற்ற குழந்தைகளைவிடக் குறைவாகத் தெரிந்தன. ஆளிவிதை எண்ணெய் மாதிரி எண்ணெய்களைக் கொடுத்தார். சில குழந்தைகளுக்குத் தேறியது. 1933-இல் அதை எழுதினார்.

அதே 1933-இல் நியூயார்க்கில் ஃப்ரெட் வைஸ், மாரியன் சல்ஸ்பெர்கர் என்ற ரெண்டு தோல் மருத்துவர்கள் இந்த நோய்க்கு "அடாபிக் டெர்மடைட்டிஸ்" என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்துமா, தும்மல், அலர்ஜி குடும்பத்தோடு சேர்ந்து வரும் எக்ஸிமா என்று அர்த்தம்.

ஒரே வருஷம், ரெண்டு பாதை. ஒருவர் இதைச் சத்துக் குறைபாடாகப் பார்க்கிறார். மற்றவர்கள் அலர்ஜியாகப் பார்க்கிறார்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அலர்ஜிப் பாதைதான் பெரிய ரோடு ஆனது. 1952-இல் அதே சல்ஸ்பெர்கர் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைத் தோலில் தடவிக் காட்டிய பிறகு எண்ணெயைப் பற்றி யார் பேசுவார்?

ஹான்சன் விடவில்லை. டெக்சாஸில் கால்வெஸ்டனுக்குப் போய், ஹில்டா வீஸ் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து 428 கைக்குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார். 1963-இல் வெளியானது. வெவ்வேறு வகை, வெவ்வேறு அளவு கொழுப்புள்ள பால் கலவைகள். கொழுப்பு ரொம்பக் குறைந்த பால் குடித்த குழந்தைகளுக்குத் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. மொத்தக் கலோரியில் 1 முதல் 2 சதவீதம் லினோலெயிக் அமிலமாகக் கொடுத்ததும் சரியானது.

ஒரு நிமிஷம் இங்கே நின்று யோசிக்கணும். குழந்தைக்குத் தேவைன்னு சந்தேகப்படுற ஒண்ணைக் கொடுக்காம வெச்சு, என்ன ஆகுதுன்னு பார்த்திருக்காங்க. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்து போடாது. ஆனால் இன்றைக்குக் குழந்தைகளின் பால் பவுடரில் லினோலெயிக் அமிலம் இவ்வளவாவது இருக்கணும் என்று விதி இருக்கிறதென்றால் அதற்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தக் குழந்தைகளை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

நரம்பு வழியே சாப்பாடு

சந்தேகத்தை முழுசாகத் தீர்த்தது மருத்துவமனை. 1960களின் கடைசியில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர், குடல் வேலை செய்யாத நோயாளிகளுக்கு முழு உணவையும் நரம்பு வழியாகவே கொடுத்து உயிர் பிழைக்க வைத்தார்கள். குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்பு, வைட்டமின். கொழுப்பு? ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை முட்டைப் பாஸ்போலிப்பிடோடு கலந்து நரம்பில் செலுத்தும் திரவத்தை 1960களின் தொடக்கத்திலேயே தயாரித்துவிட்டார். ஆனால் அமெரிக்காவில் அது அனுமதி பெற 1970கள் ஆனது. அந்த இடைவெளியில் பல நோயாளிகள் கொழுப்பே இல்லாத உணவில் இருந்தார்கள்.

அவர்களுக்கு என்ன ஆனது? தோல் செதில் செதிலாக உரிந்தது, முடி கொட்டியது, காயம் ஆறவில்லை. பர் தம்பதியின் எலி, நாற்பது வருஷம் கழித்து, மனுஷ உருவத்தில்.

இவர்களும் பெரியவர்கள்தானே, பிரவுன் மாதிரி சேமிப்பு இருக்குமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இரவும் பகலும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தால் இன்சுலினும் உயர்ந்தே இருக்கும். இன்சுலின் உயர்ந்திருந்தால் கொழுப்புச் சேமிப்பின் கதவு திறக்காது. வீட்டில் அரிசி மூட்டை இருக்கு, ஆனா ரூம் பூட்டியிருக்கு. பிரவுன் மனுஷன் மாதிரி சாப்பிட்டுத் தூங்கினார். அந்த இடைவெளியில் அவருடைய கதவு திறந்தது.

1970களின் நடுவில் பிரிட்டனில் இன்னொரு அழகான சோதனை. இந்தக் குறைபாடுள்ள சில நோயாளிகளின் கையில் சூரியகாந்தி எண்ணெயைத் தினமும் தடவினார்கள். தடவிய இடத்தில் செதில் குறைந்தது, தோல் வழியே ஆவியாகும் நீரும் குறைந்தது. லினோலெயிக் அமிலம் குறைவாக உள்ள ஆலிவ் எண்ணெய் அதைச் செய்யவில்லை.

செங்கல்லும் சாந்தும்

சரி, லினோலெயிக் அமிலம் தோலில் என்னதான் செய்கிறது? சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பீட்டர் இலையாஸ் ஒரு உவமை சொன்னார். தோலின் மேலடுக்கு ஒரு சுவர். இறந்த செல்கள் செங்கல். நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடு, மீதியில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். இப்போ ஒவ்வொரு மாய்ஸ்சரைசர் விளம்பரத்திலும் செராமைடு, செராமைடுன்னு கத்துறாங்களே, அதுதான் இது.

செராமைடுகளில் ஒரு வகை ரொம்ப நீளமானது. அதன் வால் நுனியில் ஒட்டியிருப்பது லினோலெயிக் அமிலம். சாந்தின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதில் இந்த நீள வகைக்கு முக்கியப் பங்கு. லினோலெயிக் கிடைக்காவிட்டால் உடம்பு அந்த இடத்தில் ஒலியிக் அமிலத்தை வைத்துச் சமாளிக்கிறது. அது பொருந்தாது. சுவர் ஒழுகுகிறது. எலி தண்ணீர் குடிக்கிறது. புரியுதா, சங்கிலி முழுசாச் சேர்ந்திடுச்சு.

மாலையில் பூக்கும் மஞ்சள் பூ

இப்போ என் கேப்ஸ்யூலுக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் டேவிட் ஹாரோபின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழு ஒன்றைக் கவனித்தது. எக்ஸிமா உள்ளவர்களின் இரத்தத்தில் லினோலெயிக் அமிலம் குறைவாக இல்லை. அதிலிருந்து உடம்பு அடுத்து தயாரிக்கும் பொருட்கள்தான் குறைவு. அந்த முதல் படியில்தான் கோளாறு என்றால், அதற்கு அடுத்த படியில் வருகிற காமா லினோலெனிக் அமிலத்தை நேராகவே கொடுத்துவிட்டால்? அது ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற மாலையில் பூக்கும் மஞ்சள் பூவின் விதை எண்ணெயில் இருக்கிறது.

நியாயமான யோசனைதான். 1982-இல் பிரிஸ்டலில் 99 நோயாளிகளிடம் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது, ஓரளவு முன்னேற்றம் என்று. ஹாரோபினின் நிறுவனம் வளர்ந்தது. 1980களின் இறுதியில் இந்த எண்ணெய் பிரிட்டனில் எக்ஸிமாவுக்கான மருந்தாகவே உரிமம் பெற்றது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்கும் மருந்து!

ஆனால் 1985-இலேயே அமெரிக்காவில் டுலூத் நகரில் ஜோயல் பாம்ஃபோர்ட் குழு செய்த ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் நல்ல செய்தி சொல்லவில்லை. 2002-இல் பிரிட்டிஷ் அரசு உரிமத்தைத் திரும்பப் பெற்றது. 2003-இல் ஹைவல் வில்லியம்ஸ் என்ற தோல் மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இதற்கு குட் நைட் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்ற பொருள்பட ஒரு தலையங்கம் எழுதினார். 2013-இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எண்ணெய் சாப்பிட்டவர்களும் தேறினார்கள், வெற்று கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களும் தேறினார்கள். ஏறக்குறைய ஒரே அளவு. அந்த ஆய்வைத் தலைமையேற்று எழுதியவர் அதே பாம்ஃபோர்ட். டுலூத் எந்த மாநிலத்தில் இருக்கு தெரியுமா? மினசோட்டா. கதை தொடங்கிய அதே மாநிலம்.

வெற்று கேப்ஸ்யூலுக்கு ஏன் தேறுது? எக்ஸிமா ஏறி இறங்கும் நோய். ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் நாம மருந்து வாங்குவோம். அதுக்கப்புறம் தானா கொஞ்சம் இறங்கும். பேர் மருந்துக்குப் போயிடும்.

தவறு எங்கே?

பர் தம்பதி சரி. ஹான்சன் கண்டதும் பெரும்பாலும் சரி. தடுக்கி விழுந்தது நடுவில் ஒரு படியில். "இது இல்லாவிட்டால் தோல் கெடும்" என்பது உண்மை. அதிலிருந்து "தோல் கெட்டிருக்கிறது, ஆகவே இது இல்லை" என்று தாவினோம். தண்ணி ஊத்தலைன்னா செடி வாடும். வாடின செடிக்கெல்லாம் தண்ணிதான் குறைன்னு சொல்ல முடியுமா? வேரில் பூச்சி இருந்தா?

வேரில் என்ன இருந்தது என்பதில் ஒரு பெரிய துண்டு 2006-இல் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழுவும் அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்களும், ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் வரும் மாற்றங்கள் எக்ஸிமாவுக்கு வலுவான காரணம் என்று காட்டினார்கள். அதாவது பலருக்குச் செங்கல்லிலேயே பிரச்சினை. கூடவே எதிர்ப்புச் சக்தியின் அழற்சி. அந்த அழற்சியே செராமைடையும் குறைக்கிறது. சாந்து குறைவுதான், ஆனால் காரணம் சாப்பாட்டுத் தட்டில் இல்லை.

சரி, வெளியிலிருந்து பூசியாவது எக்ஸிமா வராமலே தடுக்கலாமா? பிரிட்டனில் 1394 பச்சைக் குழந்தைகளுக்கு அதையும் பார்த்தார்கள். முதல் வருஷம் முழுக்கத் தினமும் மாய்ஸ்சரைசர். 2020-இல் முடிவு வந்தது: எக்ஸிமா வருவது குறையவில்லை. வந்த பிறகு மாய்ஸ்சரைசர் உதவும், அது வேறு விஷயம்.

அப்போ நம்ம தட்டில்?

ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 2 சதவீதம் என்றால் 40 கலோரி. அது ஏறக்குறைய நாலரை கிராம் லினோலெயிக் அமிலம். சாதாரண சூரியகாந்தி எண்ணெய் ரெண்டு டீஸ்பூனில் அது வந்துவிடும். நல்லெண்ணெய் என்றால் ரெண்டரை டீஸ்பூன். இட்லிப் பொடிக்கு ஊத்துறதே பாதி கணக்கை முடிச்சிடும். குடல் நோய், கொழுப்பு செரிக்காத நோய், ரொம்பக் கடுமையான பத்தியம் இதெல்லாம் இல்லாத ஒருவருக்கு இந்தக் குறைபாடு வருவது அரிது.

ஆனா அந்த "கடுமையான பத்தியம்" என்பதைக் கவனிங்க. எக்ஸிமா வந்த குழந்தைக்குப் பால் நிறுத்து, முட்டை நிறுத்து, நிலக்கடலை நிறுத்து, எண்ணெயும் ஆகாது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால், எக்ஸிமா அப்படியே இருக்க, மேலே ஒரு சத்துக் குறைபாட்டையும் நாமே ஏற்றி வைக்கலாம். 1963-இன் பால் கலவையை வீட்டிலேயே தயாரிக்கிற மாதிரி. அலர்ஜி உண்மையிலேயே இருக்கும் குழந்தைகள் உண்டு. அதை டாக்டர் உறுதி செய்யட்டும். சந்தேகத்தின் பேரில் தட்டைக் காலி பண்ணாதீங்க.

கடைசியா என் கேப்ஸ்யூல். எட்டு மாசத்தில் முழங்கை தேறுச்சு. பிப்ரவரியில் ஆரம்பிச்சேன், வெயில் காலம் வந்துச்சு, தேறுச்சு. நவம்பரில் திரும்ப வந்துச்சு. மருந்துன்னு நான் நினைச்சது பருவத்தை. இப்போ டாக்டர் சொன்ன களிம்பு, குளிச்ச உடனே மாய்ஸ்சரைசர், இதுதான் என் வழக்கம். கத்திரிக்காயும் சாப்பிடறேன். அம்மா இன்னும் முறைக்கிறாங்க.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் பிரவுன்தான். ஆறு மாசம் மாவும் பாலாடைக்கட்டியும் தின்று, எதிர்பார்த்தது நடக்கலைன்னதும் அதை அப்படியே எழுதி வெளியிட்டாங்க. அந்த நேர்மைதான் ரெண்டாவது கேள்வியைக் கேட்க வைத்தது.

உங்க வீட்டில் எது "கரப்பான் பண்டம்"னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.